விஎம்முக்குள் லினக்ஸ் டெஸ்க்டாப் ப்ராசஸரை விழுங்குகிறதா? ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்யலாம்

விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) உருவாக்கி அதில் லினக்ஸை நிறுவி முடித்தாயிற்று, டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. இன்னும் எதையும் திறக்கவில்லை, ஆனாலும் மவுஸ் தடுமாறுகிறது, விண்டோவைப் பிடித்து இழுத்தால் சற்று நேரம் கழித்துத்தான் கூட வருகிறது, மெனு விட்டுவிட்டு விரிகிறது, லேப்டாப் ஃபேனோ நிற்காமல் சுற்றுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசஸரில் பாதியை விஎம் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் உடனே செய்வது, விஎம்மை அணைத்துவிட்டு இன்னும் நான்கு கோர் கூடுதலாகக் கொடுப்பது. அப்படியும் சரியாகாவிட்டால் வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸின் இன்னொரு வகை), அதுவும் சரியில்லை என்றால் இன்னொன்று. காரணம் தெரியாமல் இப்படி மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் தற்செயலாகச் சரியாகிவிடும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த விஎம்மில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் நான் எப்போதும் சொல்வது, முதலில் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள்: விஎம்முக்குள் திரையை வரைவது யார், கிராபிக்ஸ் கார்டா, ப்ராசஸரா? பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் இருக்கின்றன.

தொடங்கும் முன் சில விஷயங்கள். உங்கள் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும் விஎம்முக்குள் ஓடும் லினக்ஸை கெஸ்ட் என்றும் சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் இப்போதைய நிலையின் நகல், தவறினால் இதற்கே திரும்பலாம்) எடுத்துக்கொள்ளுங்கள், விஎம்மின் பெரிய வசதியே அதுதானே. அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

1. கொஞ்சம் பொறுங்கள், பிறகு அளந்து பாருங்கள்

புதிதாக நிறுவிய லினக்ஸ் முதல் முறை திறக்கும்போது பின்னணியில் நிறைய வேலை நடக்கும். அப்டேட் பட்டியலை இறக்கும், பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக நிறுவும், உங்கள் கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும், உபுண்டுவாக இருந்தால் ஸ்னாப் பொதிகளையும் புதுப்பிக்கும். இவை எல்லாம் ப்ராசஸரை நன்றாகவே பிடிக்கும், ஆனால் தானாக முடிந்துவிடும். ஆகவே விஎம்மைத் திறந்து ஒரு கால் மணி நேரமாவது சும்மா விடுங்கள். அப்டேட் எல்லாம் முடிந்ததும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால்தான் இது நாம் தேட வேண்டிய சிக்கல்.

கெஸ்ட்டில் டெர்மினலைத் திறந்து 'டாப்' என்று அடியுங்கள். ப்ராசஸரை அதிகம் எடுப்பது மேலே வரும்படி பட்டியல் ஓடும். இதில் புதியவர்களை மிரட்டும் ஒன்று சதவீதக் கணக்கு: டாப்பில் 100 சதவீதம் என்றால் ஒரு கோர் முழுதும் என்று பொருள், முழு ப்ராசஸரும் அல்ல. நான்கு கோர் கொடுத்திருந்தால் ஒரே நிரல் 400 வரை காட்டலாம். 1 என்ற விசையை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும், ஷிஃப்டோடு எச் அழுத்தினால் ஒரு நிரலுக்குள் ஓடும் த்ரெட்கள், அதாவது அதன் உள்வேலைகள், தனித்தனியாகப் பிரியும். இந்த எச்சை நினைவில் வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும். வெளியே வர க்யூ.

அதே நேரத்தில் ஹோஸ்ட்டிலும் விஎம் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜர், மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டர், லினக்ஸ் என்றால் இதே டாப். இரண்டு பக்கமும் அதிகமாக இருந்தால் கெஸ்ட்டுக்குள் ஏதோ ஒன்று உண்மையிலேயே உழைக்கிறது, 2-ஆம் படிக்குப் போங்கள். கெஸ்ட் சும்மா இருப்பதாகச் சொல்லியும் ஹோஸ்ட்டில் மட்டும் அதிகம் என்றால் அது வேறு வகை, அதைக் கடைசியில் பார்ப்போம்.

2. மேலே நிற்கும் பெயர் என்ன?

டாப்பில் முதல் இரண்டு மூன்று வரிகளில் வரும் பெயரை வைத்தே பாதையைப் பிரித்துவிடலாம்.

க்னோம்-ஷெல், கேவின், எக்ஸார்க் என்று வந்தால் திரை வரையும் வேலைதான் சுமை. 3-ஆம் படி முழுக்க அதற்காகத்தான்.

டிராக்கர்-மைனர் அல்லது லோக்கல்சர்ச் என்று தொடங்கும் பெயர் வந்தால் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் கோப்புத் தேடல் அட்டவணை தயாராகிறது, இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவில் இதே வேலையைச் செய்வது பலூ. விஎம்முக்குள் கோப்புகளைத் தேடும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்றால், அமைப்புகளில் தேடல் பகுதிக்குப் போய் அட்டவணைப்படுத்தும் இடங்களை நீக்கிவிடலாம். ஹோஸ்ட்டோடு பகிர்ந்த பெரிய கோப்புறை அந்தப் பட்டியலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று மட்டும் அவசியம் பாருங்கள்.

பேக்கேஜ்கிட்-டி, ஸ்னாப்-டி, அன்அட்டெண்டட்-அப்கிரேட் இவை அப்டேட் வேலைகள். விட்டுவிடுங்கள், முடிந்துவிடும். பாதியில் நிறுத்த வேண்டாம்.

கேஸ்வாப்-டி0 என்று வந்தால் அங்கே ப்ராசஸரைக் குறை சொல்லிப் பயனில்லை, ரேம் போதவில்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே பக்கங்களை மாற்றி மாற்றி வைத்தே களைத்துப்போகிறது. 2 ஜிபி ரேமில் க்னோமையும் ஒரு பிரௌசரையும் ஓட்டினால் இதுதான் நடக்கும். 4 ஜிபி ஆக்குங்கள், சிக்கல் அங்கேயே தீரும். ஆனால் ஹோஸ்ட்டில் இருப்பதே 8 ஜிபி என்றால் பாதிக்கு மேல் கெஸ்ட்டுக்குக் கொடுக்காதீர்கள், பிறகு ஹோஸ்ட் அதே நிலைக்குப் போய்விடும்.

சிஸ்டம்டி-ஜர்னல்டி அல்லது ஆர்சிஸ்லாக்-டி மேலே நின்றால் ஏதோ ஒரு நிரல் பிழைச் செய்திகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையோடு, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் எஃப்பும் சேர்த்து அடித்தால் செய்திகள் ஓடிக்கொண்டே வரும். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள், அதில் குற்றவாளியின் பெயர் இருக்கும். க்னோமில் பல நேரம் அது பழைய எக்ஸ்டென்ஷன் (டெஸ்க்டாப்பில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றாக இருக்கும்.

3. திரையை வரைவது யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். க்னோமில் அமைப்புகளைத் திறந்து 'அபவுட்' பகுதிக்குப் போனால் கிராபிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், புதிய பதிப்புகளில் அதற்குள் 'சிஸ்டம் டீடெயில்ஸ்' என்று இன்னொரு படி இறங்க வேண்டும். கேடிஇயில் இன்ஃபோ சென்டர். அந்த வரியில் எல்எல்விஎம்பைப் என்றோ சாஃப்ட்வேர் ரெண்டரிங் என்றோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது: உங்கள் டெஸ்க்டாப்பை வரைவது ப்ராசஸர். டெர்மினலில் உறுதிசெய்ய விரும்பினால் மெசா-யூட்டில்ஸ் பொதியை நிறுவி 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையை ஓட்டுங்கள், நீளமாகக் கொட்டுவதில் ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியை மட்டும் பார்த்தால் போதும். டாப்பில் ஷிஃப்ட் எச் அழுத்தினாலும் தெரியும்: எல்எல்விஎம்பைப்-0, எல்எல்விஎம்பைப்-1 என்று கோருக்கு ஒன்றாக த்ரெட்கள் வரிசையாக நிற்கும்.

இது எங்கிருந்து வந்தது? க்னோம் 3 வெளிவந்தது 2011-இல். அதன் திரை முழுக்க ஓபன்ஜிஎல் (கிராபிக்ஸ் கார்டிடம் வரையச் சொல்ல நிரல்கள் பயன்படுத்தும் முறை) வழியாக வரையப்படுகிறது, அதாவது கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. கார்டு இல்லாத கணினிகளுக்காக ஆரம்பத்தில் ஒரு எளிய மாற்றுத் திரை இருந்தது, 2013-இல் வந்த 3.8 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் எல்எல்விஎம்பைப் போதுமான வேகத்துக்கு வந்திருந்தது. எல்எல்விஎம்பைப் என்பது மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பில் உள்ள ஒரு மென்பொருள் டிரைவர். கார்டு செய்ய வேண்டிய கணக்குகளை ப்ராசஸருக்கான கட்டளைகளாக அந்த நேரத்திலேயே மொழிபெயர்த்து எல்லாக் கோர்களுக்கும் பங்கிட்டு ஓட்டுகிறது. அருமையான வேலை, ஆனால் அமைதியாக நடக்கிறது. கார்டின் உதவி, அதாவது முடுக்கம், இல்லை என்று எந்த எச்சரிக்கையும் வராது, டெஸ்க்டாப் வழக்கம்போலத் திறக்கும், வேகம் மட்டும் இருக்காது. புதியவர்கள் குழம்புவது இதனால்தான்.

சுமை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒரு விண்டோவை இழுக்கும்போது முழுத் திரையும் நொடிக்கு 60 முறை வரையப்பட்டால் நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 500 எம்பி தரவு, அதுவும் ஒரே ஒரு அடுக்குக்கு. பின்னணிப் படம், அதன் மேல் விண்டோ, அதன் நிழல், மேல்பட்டை என்று அடுக்கடுக்காகக் கலந்தால்தான் நாம் பார்க்கும் திரை வரும். 4கே திரை என்றால் இதெல்லாம் அப்படியே நான்கு மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. திரையில் எதுவும் மாறாவிட்டால் டெஸ்க்டாப் மறுபடி வரைவதில்லை, மாறினாலும் மாறிய பகுதியை மட்டும் வரையத்தான் பார்க்கும். அதனால் எல்எல்விஎம்பைப் இருந்தாலும், நீங்கள் கை வைக்காமல் விட்டால் க்னோம்-ஷெல்லின் சுமை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் திரையில் ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். எல்லா விண்டோக்களையும் மூடிவிட்டு, ஒரு டெர்மினலில் டாப்பை மட்டும் விட்டுவிட்டுப் பாருங்கள். பிறகு வழக்கமாகத் திறக்கும் நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து எதைத் திறந்ததும் எண் ஏறுகிறது என்று கவனியுங்கள். விளம்பரம் அசையும் ஒரு பிரௌசர் தாவல், நொடி காட்டும் கடிகாரம், மேல்பட்டையில் வரைபடம் ஓட்டும் சிஸ்டம் மானிட்டர் எக்ஸ்டென்ஷன், முப்பரிமாண ஸ்கிரீன்சேவர் இவைதான் அடிக்கடி மாட்டுபவை. ஸ்கிரீன்சேவர் குறிப்பாகப் பொல்லாதது, நீங்கள் விஎம்மை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கும்போதுதான் அது எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொண்டு ஆடும். விஎம்முக்குள் வெறும் கறுப்புத் திரை போதும்.

4. முப்பரிமாண முடுக்கத்தை இயக்குங்கள்

ஹோஸ்ட்டில் உள்ள உண்மையான கிராபிக்ஸ் கார்டைக் கெஸ்ட் பயன்படுத்த வழி செய்வதுதான் நேரான தீர்வு. விஎம்மை முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் இதை மாற்ற வேண்டும், நிலையைச் சேமித்து மூடியிருந்தால் அமைப்புகள் பூட்டியே இருக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸில் விஎம்மின் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதி. கிராபிக்ஸ் கன்ட்ரோலர் என்பதில் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விஎம்எஸ்விஜிஏ இருக்க வேண்டும். பழைய பதிப்பில் உருவாக்கி அப்படியே கொண்டுவந்த விஎம்களில் வேறு எதுவோ இருக்கலாம், மாற்றுங்கள். வீடியோ மெமரியை 128 எம்பி வரை தள்ளுங்கள், இயல்பாக இருக்கும் 16 எம்பி போதாது. அதற்குக் கீழே உள்ள 3டி ஆக்சிலரேஷன் பெட்டியில் டிக் போடுங்கள். பிறகு கெஸ்ட்டைத் திறந்து டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி நிறுவுங்கள். அதற்கு முன் கெஸ்ட்டில் ஜிசிசி, மேக் (ஆப்பிள் மேக் அல்ல, நிரலை உருவாக்கும் கருவி), கெர்னல் ஹெடர்ஸ் இவை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவல் முடிந்தது போலத் தோன்றினாலும் கெர்னல் பகுதி உருவாகியிருக்காது. நிறுவும்போது ஓடும் செய்திகளைப் படிக்காமல் விண்டோவை மூடிவிடாதீர்கள். திரும்பத் திறந்ததும் ரெண்டரர் வரியில் எஸ்விஜிஏ3டி என்று வர வேண்டும்.

விஎம்வேரில் வேலை சுலபம். டிஸ்ப்ளே அமைப்பில் 3டி கிராபிக்ஸ் முடுக்கத்துக்கான டிக், கெஸ்ட்டுக்குள் ஓபன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் பொதி. பெயரில் டெஸ்க்டாப் என்று முடிவதுதான் வேண்டும், அது இல்லாத பொதி திரை அளவு மாறுவது போன்ற வேலைகளைச் செய்யாது. இங்கேயும் ரெண்டரர் எஸ்விஜிஏ3டிதான்.

லினக்ஸ் ஹோஸ்ட்டில் கேவிஎம்மும் விர்ட்-மேனேஜரும் பயன்படுத்துபவர்கள் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். வீடியோ மாடலை விர்ட்ஐஓ ஆக்கி 3டி ஆக்சிலரேஷனை டிக் செய்வது ஒன்று. டிஸ்ப்ளே ஸ்பைஸில் லிசன் டைப்பை 'நன்' என்று வைத்து ஓபன்ஜிஎல்லை டிக் செய்வது இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்தால் விஎம் பிழை காட்டித் திறக்க மறுக்கலாம், பயப்பட வேண்டாம், மற்றதையும் செய்யுங்கள். சரியாக அமைந்தால் ரெண்டரரில் விர்ஜில் என்று வரும். இந்த அமைப்பில் திரையை அதே கணினியில்தான் பார்க்க முடியும், தூரத்திலிருந்து ஸ்பைஸ் வழியாக இணைய முடியாது. வீடியோ மாடல் க்யூஎக்ஸ்எல் என்றால் அது இருபரிமாணத்துக்கு மட்டும், க்னோமுக்கு அதனால் உதவி இல்லை.

விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வியில் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு இப்படி ஒரு டிக் கிடையாது. அங்கே 6, 7-ஆம் படிகள்தான் உங்கள் வழி.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: 3டி முடுக்கம் எல்லா ஹோஸ்ட்டிலும் நன்றாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹோஸ்ட்டின் கிராபிக்ஸ் டிரைவரைப் பொறுத்து எழுத்துகள் சிதையலாம், விண்டோ கறுப்பாக வரலாம், உள்நுழைவுத் திரையோடு நின்றும் போகலாம். முதலில் ஹோஸ்ட்டின் டிரைவரையும் விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேரையும் புதுப்பித்துப் பாருங்கள். அப்படியும் சிதைந்தால் தயங்காமல் டிக்கை எடுத்துவிடுங்கள், நிலையாக ஓடும் எல்எல்விஎம்பைப் எப்போது விழுமோ என்று ஓடும் முடுக்கத்தைவிட எவ்வளவோ மேல்.

5. விஎம்மே மெதுவாக ஓடுகிறதா?

திரை மட்டும் இல்லாமல் டெர்மினல், பொதி நிறுவுவது, பூட் ஆவது எல்லாமே இழுத்தால் வன்பொருள் முடுக்கமே (விஎம்மை நேரடியாக ஓட்ட ப்ராசஸர் தரும் வசதி, திரைக்கான முடுக்கம் வேறு) கிடைக்கவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். இன்டெல்லின் விடி-எக்ஸ் 2005-லிருந்தும் ஏஎம்டியின் ஏஎம்டி-வி 2006-லிருந்தும் ப்ராசஸர்களில் வருகின்றன, ஆனால் பயாஸில் அணைத்து வைத்திருக்கும் கணினிகள் இன்றும் உண்டு. பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷன் என்று இருப்பதை இயக்குங்கள், ஏஎம்டி பலகைகளில் அது எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும்.

லினக்ஸ் ஹோஸ்ட்டில் கேவிஎம் இல்லாமல் வெறும் கியூஇஎம்யூ (ஒரு கணினியை மென்பொருளிலேயே போலச் செய்து காட்டும் நிரல்) ஓடினால் ஒவ்வொரு கட்டளையும் மென்பொருளில் மொழிபெயர்க்கப்படும், டெஸ்க்டாப்பை அதில் ஓட்டுவது வீண் முயற்சி. கெஸ்ட்டில் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்று அடித்துப் பாருங்கள். கேவிஎம் என்று வந்தால் சரி, கியூஇஎம்யூ என்று வந்தால் முடுக்கம் இல்லை.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் என்றால், விஎம் ஓடும்போது விண்டோவின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னங்களைப் பாருங்கள். பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே ப்ராசஸரின் முடுக்கத்தைக் கையில் வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால்தான் வேகம் குறைகிறது. டபிள்யூஎஸ்எல்2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டக்ரிட்டி இவை ஒவ்வொன்றும் ஹைப்பர்-வியை எழுப்பிவிடும். அணைத்தால் ஆமை போகும். ஆனால் மெமரி இன்டக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி, வங்கி வேலை முதல் அலுவலக வேலை வரை அதே கணினியில் செய்பவர் அதை அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் ஆமையோடு வாழ்ந்துகொண்டு டெஸ்க்டாப்பை இலகுவாக்குவதே நல்லது.

6. கோர்களும் திரை அளவும்

கூடுதல் கோர் கொடுத்தால் வேகம் கூடும் என்ற எண்ணம் எல்எல்விஎம்பைப் இருக்கும்போது நேர்மாறாகப் போகலாம். அது கெஸ்ட்டுக்குத் தெரியும் எல்லாக் கோர்களிலும் த்ரெட்களைப் போடும். எட்டு கொடுத்தால் எட்டிலும் ஓடும், ஹோஸ்ட்டுக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஹோஸ்ட்டில் உள்ள மொத்தக் கோர்களையும் கெஸ்ட்டுக்குக் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கெஸ்ட்டின் ஒரு கோர் ஒரு பூட்டைப் (ஒரு வேலையை ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் செய்ய வைக்கும் தடை) பிடித்திருக்கும் நேரத்தில் ஹோஸ்ட் அந்தக் கோரை ஓரமாக நிறுத்திவிட்டால், அதே பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்ற கோர்கள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வேலை நகராது, சதவீதம் மட்டும் ஏறும். கேவிஎம்மில் டாப்பின் மேல்வரியில் எஸ்டி என்று முடியும் எண் ஏறிக்கொண்டே இருந்தால் ஹோஸ்ட்டில் கோர் கிடைக்காமல் கெஸ்ட் காத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நான்கு உண்மையான கோர் உள்ள ஹோஸ்ட்டில் கெஸ்ட்டுக்கு இரண்டு போதும். விர்ச்சுவல்பாக்ஸில் கோர் எண்ணிக்கையை நகர்த்தும் பட்டையில் பச்சைப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

முடுக்கம் கிடைக்காதவர்களுக்குப் பெரிய பலன் தருவது திரை அளவைக் குறைப்பது. 1280க்கு 720 என்று வைத்தால் 9,21,600 புள்ளிகள்தான், முழு எச்டியில் பாதிக்கும் குறைவு. அடர்த்தியான திரை உள்ள லேப்டாப்பில் விஎம்மை முழுத்திரையாக்கினால் கெஸ்ட் 4கே அளவிலேயே வரைய ஆரம்பித்துவிடும். கெஸ்ட்டில் குறைந்த அளவை வைத்துக்கொண்டு பெரிதாக்கிக் காட்டும் வேலையை விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்கேல் அமைப்பிடம் விடுங்கள். எழுத்து கொஞ்சம் மங்கும், ஆனால் மவுஸ் கையோடு வரும்.

அசைவூட்டங்களையும் நிறுத்துங்கள். க்னோமில் அணுகல்தன்மை அமைப்புகளில் பார்வை தொடர்பான பகுதியில் அதற்கான சுவிட்ச் இருக்கிறது, கேடிஇயில் அசைவூட்ட வேகத்தை உடனடி என்ற ஓரத்துக்குத் தள்ளலாம். எக்ஸ்டென்ஷன்ஸ் நிரலில் மேலே உள்ள மொத்த சுவிட்சை ஒரு முறை அணைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை: அணைத்ததும் சுமை இறங்கினால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக இயக்கி எது என்று கண்டுபிடிக்கலாம்.

விஎம்முக்குள் வீடியோ பார்ப்பது தனிக் கதை. வீடியோவை விரிக்கும் வேலையும் பெரும்பாலும் ப்ராசஸர் தலையில்தான் விழும், அதன் மேல் வரையும் வேலையும் சேரும். வீடியோவை ஹோஸ்ட்டில் பாருங்கள். விஎம்மில்தான் பார்த்தாக வேண்டும் என்றால் 480பி-க்கு இறக்கிவிடுங்கள்.

7. வேறு டெஸ்க்டாப்

மேலே சொன்னவை எதுவும் போதவில்லை என்றால் டெஸ்க்டாப்பை மாற்றுவது சரியான முடிவு, இதில் குறைத்துப் பேச எதுவும் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, மாட்டே மூன்றும் ஓபன்ஜிஎல்லை நம்பி நிற்காதவை. எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்ற அமைப்பில் கம்போசிட்டர் (விண்டோக்களை அடுக்கிக் கலந்து காட்டும் பகுதி) தாவலுக்குப் போய் டிக்கை எடுத்துவிட்டால் நிழலும் ஒளிபுகும் தன்மையும் போகும், கூடவே கணிசமான சுமையும் போகும். விஎம்முக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இருக்கும் உபுண்டுவிலேயே எக்ஸ்எஃப்சிஇயைச் சேர்த்து, உள்நுழையும் திரையில் பற்சக்கரச் சின்னத்தை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். முயன்று பார்க்க அது போதும். பிடித்துவிட்டது என்றால் ஸுபுண்டு அல்லது லுபுண்டுவை வைத்துப் புதிய விஎம்மையே உருவாக்குங்கள், இரண்டு டெஸ்க்டாப் ஒன்றாக இருந்தால் இரண்டின் பின்னணிச் சேவைகளும் கலந்து ஓடும், மெனுவிலும் எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும்.

கேடிஇ பிளாஸ்மாவை விட மனமில்லாதவர்கள், எக்ஸ்11 (லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய முறை, புதியது வேலண்ட்) அமர்வில் இருந்தால் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், கம்போசிட்டிங் நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். வேலண்ட் அமர்வில் இது நடக்காது.

8. கெஸ்ட் சும்மா, ஹோஸ்ட்டில் மட்டும் சுமை

டாப்பில் கெஸ்ட் 98 சதவீதம் ஓய்வு என்று காட்டுகிறது, ஹோஸ்ட்டிலோ விஎம் ஒரு கோரில் கால் பங்கை விடாமல் எடுக்கிறது. கெஸ்ட்டின் கெர்னல் அடிக்கடி ஹோஸ்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள், அந்தப் போக்குவரத்துச் செலவு கெஸ்ட்டின் கணக்கில் வருவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது நேரக்கணக்கு. கெஸ்ட்டில் சிஸ் கோப்புறைக்குள் டிவைசஸ், சிஸ்டம், க்ளாக்சோர்ஸ், க்ளாக்சோர்ஸ்0 என்று வரிசையாக இறங்கி, கரன்ட் க்ளாக்சோர்ஸ் என்ற கோப்பைப் படியுங்கள். கேவிஎம்-க்ளாக் அல்லது டிஎஸ்சி என்று இருந்தால் நல்லது. ஏசிபிஐ-பிஎம் அல்லது எச்பிஇடி என்று இருந்தால், மணி என்ன என்று ஒரு நிரல் கேட்கும் ஒவ்வொரு முறையும் கெஸ்ட் நின்று ஹோஸ்ட்டிடம் போய்த் திரும்புகிறது, டெஸ்க்டாப் நிரல்கள் இதை நொடிக்கு எத்தனையோ முறை கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸில் சிஸ்டம் பகுதியின் ஆக்சிலரேஷன் தாவலில் பாராவிர்ச்சுவலைசேஷன் இன்டர்ஃபேஸ் 'டிஃபால்ட்' அல்லது 'கேவிஎம்' என்று இருக்கிறதா பாருங்கள், விஎம்மை உருவாக்கும்போது ஓஎஸ் வகையை லினக்ஸ் என்று சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதையும் பாருங்கள், அதை வைத்துத்தான் 'டிஃபால்ட்' எது என்று முடிவாகிறது.

அடுத்து, தேவையில்லாத கருவிகள். ஒலி வேண்டாம் என்றால் சவுண்ட் கார்டை எடுத்துவிடுங்கள். கியூஇஎம்யூவில் யுஎஸ்பி டேப்லெட் என்ற மவுஸ் கருவி கெஸ்ட் சும்மா இருக்கும்போதும் அடிக்கடி எழுப்பிக்கொண்டிருக்கும், அதற்குப் பதில் விர்ட்ஐஓ டேப்லெட்டைப் போடலாம்.

எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒன்றை யோசியுங்கள், இந்த விஎம்முக்கு டெஸ்க்டாப் தேவையா? வெப் சர்வரையோ டேட்டாபேஸையோ பழகுவதற்காக விஎம் போட்டவர்கள் பலர் டெர்மினலைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை. 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் செட்-டிஃபால்ட் என்று கொடுத்து மல்டி-யூசர்.டார்கெட் என்பதை வைத்தால் அடுத்த முறை டெஸ்க்டாப் இல்லாமலே திறக்கும், ஹோஸ்ட்டிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் டெர்மினலைத் திறக்கும் முறை) வழியாக உள்ளே போகலாம், ஹோஸ்ட்டிலிருந்து காப்பி பேஸ்ட்டும் தடையில்லாமல் நடக்கும். திரும்ப டெஸ்க்டாப் வேண்டும் என்றால் அதே கட்டளையில் கிராஃபிகல்.டார்கெட்.